சுண்ணாம்புமேட்டில் மீன் எண்ணெய் போன வழி

சவுரியம்மாளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேள்வி கேட்பாள். ஒன்றிரண்டு இல்லை, எதிராளி ‘போதும் தாயே’ என்று கையெடுத்துக் கும்பிடுகிற வரைக்கும் கேட்பாள். ஒருமுறை பள்ளிகொண்டாவில் காது வலி என்று வந்த மனுஷனிடம், ராத்திரி என்ன சாப்பிட்டாய், எந்தக் கிணற்றுத் தண்ணீர், வலப்பக்கம் படுப்பாயா இடப்பக்கமா, வீட்டில் வேறு யாருக்குக் காது வலி என்று அடுக்கிக்கொண்டே போனாள். அந்த ஆள் காது சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடியே போனான். நர்சு வேலைக்கு வராமல் போயிருந்தால் போலீசில் சேர்ந்திருக்கலாம். ஆனால் அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷத்தில் பெண்பிள்ளையை யார் போலீசில் சேர்த்துக்கொண்டார்கள்?

செவ்வாய்க்கிழமை தோறும் விடிவதற்குள் ஆஸ்பத்திரி மோட்டார் வேலூரைவிட்டுக் கிளம்பும். டிரைவர் சம்பத், டாக்டரம்மா தேவகி, சவுரியம்மாள், இரண்டு மருந்துப் பெட்டி, ஒரு பெரிய டின் மீன் எண்ணெய். பள்ளிகொண்டா, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று போகிற வழியில் ஏழு ஊர்களில் ஏதாவது ஒரு மரத்தடியில் நிற்கும். புண், சிரங்கு, காய்ச்சல் எல்லாம் வரும். ஆனால் அந்த வருஷம் டாக்டரம்மாவின் கவலையெல்லாம் குழந்தைகளின் கண்ணில் இருந்தது. வெறும் கேழ்வரகுக் கூழிலேயே வளர்கிற பிள்ளைகளுக்கு முதலில் பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. மாலைக்கண் என்பார்கள். அப்புறம் கண்ணின் பளபளப்பு போய் வறண்டுவிடும். அதையும் கவனிக்காமல் விட்டால் கண்ணில் பூ விழும். பூ விழுந்த கண் விழுந்ததுதான். சீமையிலிருந்து வரும் மீன் எண்ணெயைத் தினம் ஒரு கரண்டி உள்ளே தள்ளினால் போதும், பூ விழுவதற்கு முன்னால் பிடித்துவிடலாம்.

மாசி பிறந்ததும் வீட்டுக்கு வாரம் ஒரு பாட்டிலாக எண்ணெய் கொடுக்க ஆரம்பித்தார்கள். சித்திரை பிறந்ததும் டாக்டரம்மா கணக்குப் பார்த்தாள். ஆறு ஊர்களில் குழந்தைகள் தேறியிருந்தன. ஏழாவது ஊரான சுண்ணாம்புமேட்டில் பதினோரு பிள்ளைகள். ஒன்றுகூடத் தேறவில்லை.

சுண்ணாம்புமேடு ஆம்பூரைத் தாண்டிப் பேரணாம்பட்டுப் பாதையில் ஒதுங்கிக் கிடக்கும் சேரி. பத்துப் பதினைந்து குடிசை. ஆண்கள் எல்லாரும் பக்கத்திலிருந்த தோல் ஷாப்பில் தோல் பதனிடும் வேலைக்குப் போனார்கள். பெண்கள் ஆவாரம்பட்டை உரித்துக் காயவைத்து அதே ஷாப்புக்குப் போட்டார்கள். ஊருக்கும் ஷாப்புக்கும் நடுவில் வரிசையாக, தோலை ஊறவைத்து மயிர் உதிர்க்கும் சுண்ணாம்புத் தொட்டிகள். அந்த வாடை ஊரின் மேல் எப்போதும் கவிந்திருக்கும். முதல்முறை வந்தபோது சம்பத் மூக்கைப் பொத்திக்கொண்டு மோட்டாரைவிட்டு இறங்கவே இல்லை. இன்றுவரை இறங்கவில்லை.

“சவுரி, எண்ணெய் குழந்தைங்க வயித்துக்குப் போகல” என்றாள் டாக்டரம்மா, புளியமரத்தடியில் பெட்டியை மூடிக்கொண்டே. “வாரா வாரம் பாட்டில் காலியா வருது. பிள்ளைங்க கண்ணு அப்படியே இருக்கு. பக்கத்துல தோல் ஷாப்பு. தோலுக்கு எண்ணெய் வேணும். இதுக்கு மேல நான் இன்னா சொல்ல?”

“வித்துடறாங்கன்றீங்களா?”

“வேற எங்க போகுது? ஆற்காட்டுப் பக்கம் ரெண்டு ஊர்ல எண்ணெய் கேட்டுக் காத்துட்டிருக்காங்க. அடுத்த வாரத்திலேர்ந்து இந்த ஊருக்குக் கிடையாது.”

சவுரியம்மாள் மரத்தடியில் கடைசியாக நின்றிருந்த பூவம்மாளைப் பார்த்தாள். பூவம்மாளின் இடுப்பில் நாலு வயசு சம்பூர்ணம். வலது கண்ணில் வெள்ளையாகப் பூ விழுந்துவிட்டது. இடது கண் இன்னும் தெளிவுதான், ஆனால் காய்ந்த சுண்டைக்காய்போல வறண்டு கிடந்தது. அந்தக் கண்ணும் இரண்டு வாரம் தாங்கினால் அதிகம் என்று டாக்டரம்மா காலையில்தான் காதோடு சொல்லியிருந்தாள். இப்போது எண்ணெயை நிறுத்தினால் அந்தக் குழந்தைக்குப் பகலும் கிடையாது, ராத்திரியும் கிடையாது. சவுரியம்மாள் டாக்டரம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“டாக்டரம்மா, நான் இங்கியே இருந்துக்கிறேன். நீங்க பேரணாம்பட்டு போய்ட்டுத் திரும்பறப்போ ஏத்திக்கோங்க. பொழுது சாயறதுக்குள்ள அந்த எண்ணெய் எங்க போகுதுன்னு சொல்றேன்.”

“சொல்லலன்னா?”

“சொல்லலன்னா நிறுத்திக்கோங்க.”

மோட்டார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. சவுரியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இனி சுண்ணாம்புமேட்டை அந்தச் சாமிதான் காப்பாற்ற வேண்டும்.

முதலில் நேரே தோல் ஷாப்புக்குப் போனாள். வாசலில் மேஸ்திரி பஞ்சாட்சரம் ஒரு கட்டு ஆட்டுத் தோலைப் புரட்டி எண்ணிக்கொண்டிருந்தார். பெண்பிள்ளை, அதுவும் வெள்ளைச் சேலை நர்சு, ஷாப்புக்குள் வருவதைப் பார்த்ததும் எண்ணிக்கை தப்பிவிட்டது.

“மேஸ்திரி, தோலுக்கு இன்னா எண்ணெய் போடறீங்க?”

“புங்கெண்ணெய்.”

“மீன் எண்ணெய்?”

“அதுவும் உண்டு. மலையாளத்துக் கரையிலேர்ந்து பீப்பாய்ல வரும்.”

“ஊர்ப் பொம்பளைங்க யாராவது பாட்டில்ல கொண்டாந்து குடுக்கறாங்களா?” என்று கேட்டு, மடியிலிருந்த சின்னப் பாட்டிலை எடுத்துக் காட்டினாள்.

பஞ்சாட்சரம் பாட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “இத்தனூண்டா? இது ஒரு ஆட்டோட முன்னங்காலுக்குப் பத்தாதும்மா! நாங்க டின் டின்னாக் கவுத்துக்கினு இருக்கோம். இதை வாங்கிப் பேஜார் பட எங்களுக்குப் பைத்தியமா?”

அவர் சிரித்ததில் சவுரியம்மாளுக்குக் கோபம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. விற்கவில்லை. சரி, அப்போது எங்கே போகிறது?

ஊருக்குள் திரும்பி நாலு வீடு ஏறி இறங்கினாள். எல்லா வீட்டிலும் பாட்டில் மாடத்தில் பத்திரமாக இருந்தது. சாமி படத்துக்குப் பக்கத்தில், பொட்டு வைத்து. “தினம் தவறாம ஆகுதும்மா” என்றார்கள். பொய் சொல்கிற முகமாக ஒன்றும் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் குற்றம் கண்டுபிடிக்க முடியாத முகங்கள். பூவம்மாள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“டாக்டரம்மா எங்களைத் திருடிங்கன்னு சொன்னாங்களா? மரத்தடியிலியே காதுல விழுந்துச்சு. எம் புள்ள கண்ணைவிட எனக்கு எண்ணெய் ஜாஸ்தியா நர்சம்மா?”

“அப்படியெல்லாம் இல்லம்மா. எனக்குத் தெரிஞ்சுக்கணும், அவ்ளோதான். எண்ணெய் எப்போ ஆகுது?”

“மத்தியானம். ஆம்பளைங்க கூழு குடிக்க வந்ததும்.”

“எப்படி?”

பூவம்மாள் அவளை ஒருமாதிரிப் பார்த்தாள். இரண்டு மாசமாக வந்துபோகிறவளுக்கு இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை. “கொஞ்சம் இருங்க. நீங்களே பாருங்க” என்றாள்.

அப்போதுதான் சவுரியம்மாளுக்குச் சுருக்கென்றது. பாட்டில் தீர்ந்ததா என்று வாராவாரம் கேட்டிருக்கிறாள். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு உண்டா, தூங்குகிறதா, விளையாடுகிறதா என்று ஊரையே குடைந்திருக்கிறாள். எண்ணெயை எப்படித் தருகிறீர்கள் என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. மோட்டார் மத்தியானத்துக்கு முன்பே கிளம்பிவிடும், அதனால் கண்ணாலும் பார்த்ததில்லை. உலகத்துக் கேள்வியெல்லாம் கேட்கிற வாய் இந்த ஒரு கேள்வியை விட்டுவிட்டதே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

உச்சி வெயிலில் ஷாப்பு ஆட்கள் வந்தார்கள். பூவம்மாளின் புருஷன் துரைசாமி கூழைக்கூடத் தொடாமல் கைகளைத் தேய்த்துக் கழுவினான். கழுவிய கையை முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவினான். அதற்குள் பெண்கள் பதினோரு பிள்ளைகளுக்கும் தலையோடு தண்ணீர் ஊற்றி, ஈரம் சொட்டச் சொட்டப் புங்கமரத்து நிழலில் பாயின் மேல் வரிசையாகப் படுக்கவைத்துவிட்டார்கள். துரைசாமி முதல் பிள்ளையின் பக்கத்தில் மண்டி போட்டான். உள்ளங்கையில் மீன் எண்ணெயை அளவாக ஊற்றி, பிள்ளையின் வயிற்றிலிருந்து ஆரம்பித்து, நெஞ்சு, தோள், முழங்கை என்று மெல்ல மெல்ல உள்ளங்கையாலேயே ஏற்றினான். கடைசியில் இமையின் மேல் ஒரு சொட்டு. அப்புறம் அடுத்த பிள்ளை.

அடக் கடவுளே!

சவுரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. சீமை எண்ணெய் எல்லாம், டாக்டரம்மா கையெழுத்துப் போட்டு வரவழைத்த டின் டின் எண்ணெய் எல்லாம், இந்தப் பிள்ளைகளின் தோலில் மினுமினுத்துக்கொண்டிருந்தது. ஊர் முழுக்கத் தோல் வாடை அடிக்கும்போது பிள்ளைகள் மேல் மீன் வாடை அடிப்பதை எந்த மூக்கு கண்டுபிடிக்கும்?

“துரைசாமி, இது உள்ளுக்குக் குடுக்கிற மருந்தாச்சே!”

“குடுத்தோம் நர்சம்மா. மொத நாளே குடுத்தோம். பதினொண்ணும் வாந்தி எடுத்துச்சு. மருந்து மண்ணுல போகுதேன்னு பொம்பளைங்க அழுதாங்க. அப்புறம் நான்தான் யோசிச்சேன்.” அவன் கை நிற்காமல் வேலை செய்துகொண்டே இருந்தது. “நீங்க இன்னா சொன்னீங்க? கண்ணு வறண்டு போச்சுன்னீங்க. வறட்சிக்குத்தான் எண்ணெய்ன்னீங்க. பதினெட்டு வருஷமா நான் ஷாப்புல எண்ணெய்க் கை, தோலுக்கு எண்ணெய் ஏத்தறதே என் வேலை. வறண்ட தோலு எப்படி எண்ணெய் குடிக்கும்னு எனக்குத் தெரியாதா? காஞ்ச தோல்மேல ஊத்துனா வழிஞ்சு போய்டும். நல்லா நனைச்சு, ஈரத்தோட தேச்சு, நெழல்ல போடணும். தண்ணி வெளிய போகப் போக எண்ணெய் உள்ள போகும். வெயில்ல போட்டா கெட்டுது.”

“அது செத்த தோலு துரைசாமி!”

“தோலு தோலுதானேம்மா. இங்க பாருங்க” என்று ஒரு பிள்ளையின் முழங்கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினான். “மாசி மாசம் இது முள்ளு முள்ளாத் தவளைத் தோலு கணக்கா இருந்துச்சு. இப்போ தொட்டுப் பாருங்க.”

தொட்டுப் பார்த்தாள். வழவழவென்றுதான் இருந்தது. கண்ணை வறளச் செய்கிற அதே குறைதான் தோலையும் சொரசொரப்பாக்கும் என்று அவள் படித்திருந்தாள். மேலே எண்ணெய் தடவினால் தோல் இளகிவிடும், கண் இளகாது. ஆனால் இதை இவனுக்கு எப்படிச் சொல்வது? அவன் வித்தை பலித்திருக்கிறது. கண்ணெதிரே பலித்திருக்கிறது. அவள்தான் பலிக்காத ஒன்றைச் சொல்கிறாள்.

இரண்டு மாசமாக இந்த மனுஷன் தன் மத்தியான ஓய்வைக் கொடுத்து, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இதைச் செய்திருக்கிறான். அவனைத் திட்டுவதற்கு அவளுக்கு நாக்கு எழவில்லை.

“மேல தடவறது கண்ணுக்குப் போகாது. வயித்துக்குப் போனாத்தான் கண்ணுக்குப் போகும். நான் சொல்றதை நம்புங்க.”

“நம்பறது நம்பாததுன்னு எதுக்குப் பேச்சு? பாதி அறுத்துப் பாத்துடலாம்” என்றான் துரைசாமி.

“இன்னா அறுக்கிறது?”

அவன் விளக்கினான். ஷாப்பில் எண்ணெய் ஏற்றும் இரண்டு பேருக்குள் தகராறு வந்தால் வாய்ச்சண்டை கிடையாது. ஒரே தோலை முதுகுத் தண்டோடு இரண்டாக அறுப்பார்கள். ஒரு பாதிக்கு இவன் சொன்னபடி எண்ணெய், மறு பாதிக்கு அவன் சொன்னபடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, காய்ந்ததும் எல்லாரும் வந்து தொட்டுப் பார்ப்பார்கள். எது மெத்தென்று இருக்கிறதோ அவன் சொன்னது சட்டம். இரண்டும் ஒரே ஆட்டின் தோல் என்பதால் தோற்றவன் ஆட்டின் மேல் பழி போட முடியாது.

கேட்டதும் சவுரியம்மாளுக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடித்துவிட்டது. வேறு நாளாக இருந்தால் ஷாப்புக்கே போய் அதைப் பற்றி ஐம்பது கேள்வி கேட்டிருப்பாள். இன்று முடியாது.

“குழந்தையை எப்படிப் பாதி அறுப்பே? பாதிப் பிள்ளைங்களுக்குக் குடுத்து, பாதிக்குத் தடவி, ரெண்டு மாசம் பாக்கலாம்னா, அதுக்குள்ள சம்பூர்ணம் கண்ணு?”

வரிசையில் நகர்ந்தபடி துரைசாமி மகளிடம் வந்திருந்தான். அவளுடைய இடது இமையில் மட்டும் இரண்டு சொட்டு வைத்தான். வைத்து முடித்துவிட்டு, “ரெண்டு பாதியைக் கண்ணால பாக்காம நான் எப்படி நர்சம்மா என் வழியை விடுவேன்? விட்டு இந்தக் கண்ணும் போய்ட்டா?” என்றான். ஷாப்பு மணி அடித்தது. கூழைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டான்.

மிச்சப் பொழுதையெல்லாம் சவுரியம்மாள் தாய்மார்களிடம் மல்லுக்கு நின்றாள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டு, “துரைசாமி இன்னா சொல்லுது?” என்றார்கள். சம்பூர்ணத்துக்கு அவளே ஒரு கரண்டி ஊட்டிப் பார்த்தாள். குழந்தை முழுங்கிற்று. முழுங்கியதை அப்படியே அவள் வெள்ளைச் சேலையில் திருப்பிக் கொடுத்துவிட்டது. மோட்டார் வந்தால் டாக்டரம்மாவிடம், எண்ணெய் போன வழி தெரிந்துவிட்டது, ஆனால் இவர்கள் மாற மாட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அதைச் சொன்னாலும் எண்ணெய் நின்றுவிடும்.

பொழுது சாய்ந்தது. மேட்டின்மேல் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கண்ணில், பாதைக்குப் பதிலாக வேறொன்று பட்டது.

ஷாப்பிலிருந்து ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு நடுவே ஒற்றையடி வரப்பில், பதினாலு பேர், ஒருவர் பின்னால் ஒருவராக. ஒவ்வொருவரின் கையும் முன்னால் போகிறவரின் தோளில். யாரோ ஏதோ வேடிக்கை சொல்ல, வரிசையே சிரித்தது. ஆனால் கை மட்டும் தோளைவிட்டு எடுக்கவில்லை.

“இன்னாம்மா பூவம்மா, இது இன்னா விளையாட்டு?” என்றாள், பிள்ளையோடு பக்கத்தில் வந்து நின்ற பூவம்மாளிடம்.

“விளையாட்டா? பொழுது சாஞ்சா அதுங்களுக்கு வழி தெரியாதும்மா. தொட்டியில விழுந்தா வெந்து போய்டாதா?”

மாலைக்கண்! பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, அப்பன்மார்களுக்கும். ஆண்பிள்ளைகள் மரத்தடிக்கே வராததால் யாரும் பார்க்கவில்லை. கூழ் குடித்தே வளர்ந்து, கூழ் குடித்தே உழைக்கிற ஊர். சவுரியம்மாளுக்கு அடுத்த கேள்வி தானாக வந்தது.

“முன்னாடி வர்றவருக்கு மட்டும் எப்படித் தெரியுது?”

“அவன் என் தம்பி காசிநாதன். அவனுக்குத் தெரியுது.”

“எப்பவுமே தெரியுமா?”

“எங்க! மாசி மாசம் வரைக்கும் ஷாப்புலேர்ந்து இதுவரைக்கும் கயிறு கட்டியிருந்துச்சு. அதைப் பிடிச்சிக்கினுதான் எல்லாம் வரும், அவனும்தான். பங்குனியில ஒருநாள், கயிறு வேணாம், நான் முன்னாடி போறேன்னான். சாமி குடுத்ததுன்னு விட்டுட்டோம்.”

“எங்க சாப்பிடறாரு?”

“எங்க வூட்லதான். கல்யாணமா காட்சியா அவனுக்கு? எங்க வூட்டுக்காரரும் அவனும் ஒரே சட்டியில கூழு.”

சவுரியம்மாள் மேட்டிலிருந்து ஓட்டமாக இறங்கினாள், பூவம்மாள் பின்னாலேயே. வரிசை அப்போதுதான் வரப்பைத் தாண்டி ஊர்த் தரையில் கால் வைத்தது. காசிநாதனின் எதிரே போய் நின்றாள். இருபத்தைந்து வயசு இருக்கும். அவன் தோளில் துரைசாமியின் கை இருந்தது.

“காசிநாதா, உனக்கு மட்டும் எப்படிக் கண்ணு தெரியுது?”

“அது… சும்மா. தெரியுதும்மா.”

“பங்குனிக்கு முன்னாடி தெரியாதே. இன்னா சாப்பிட்டே? யார் குடுத்தாங்க? எப்போலேர்ந்து?”

காதுவலிக்காரன்போல ஓடிப்போக இவனுக்கு இடமில்லை. பின்னால் பதினாலாவது ஆள்வரை தோள் பிடித்து நின்றது. காசிநாதன் தன் அக்காளைப் பார்த்தான். அக்காள் இடுப்பில் சம்பூர்ணம், மங்கல் வெளிச்சத்தில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. அவன் முகம் கோணியது. பெரிய ஆண்பிள்ளை, விம்மி விம்மி அழ ஆரம்பித்துவிட்டான்.

“நான்தான் நர்சம்மா. நான்தான் குடிச்சேன். மாடத்துல இருந்த பாட்டில்லேர்ந்து தினம் ஒரு கரண்டி.”

பூவம்மாள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“கூழுக்குத் தொட்டுக்க ஒண்ணுமில்ல. மாமா தடவி முடிச்ச பாட்டிலை ஒருநாள் நான் கழுவ எடுத்தேன். மீன் வாசனை வந்துச்சு. கருவாடு தின்னு எத்தனை மாசமாச்சு! எனக்கு ஊத்துன கூழுல மட்டும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். உப்பும் வெங்காயமும் போட்டா மீன் கொழம்பு மாதிரியே எறங்குச்சு. அப்புறம் விட முடியல. புள்ளைக்குக் கம்மியாவுதேன்னு தெரியும். தெரிஞ்சேதான் குடிச்சேன். அதுக்குக் கண்ணுல பூ விழுந்தது என்னாலதான்.”

துரைசாமியின் கை அவன் தோளிலிருந்து எழுந்தது. “அடப் பாவி! எம் பொண்ணு கண்ணைக் குடிச்சிட்டியேடா!” என்று கத்திக்கொண்டு ஓங்கி அறைந்தான். அறை காற்றில் போயிற்று. காசிநாதன் இம்மி நகர்ந்திருந்தான், அவ்வளவுதான். துரைசாமி மறுபடி வீசினான். அதுவும் காற்றில் போய், தடுமாறிக் கீழே விழப் பார்த்தான். மங்கலில் எதிரே நிற்பது ஆளா மரமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

காசிநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தான். மச்சானின் காற்றில் நின்ற கையைப் பிடித்துத் தன் கன்னத்தின் மேல் வைத்தான்.

“இங்க இருக்கேன் மாமா. அடி.”

கை கன்னத்திலேயே இருந்தது. அடிக்கவில்லை.

“என் கை வர்றது உனக்குத் தெரிஞ்சுதா?” என்று கேட்டான் துரைசாமி. குரல் மாறியிருந்தது.

“தெரிஞ்சுது மாமா.”

“ரெண்டு தடவையும்?”

“ரெண்டு தடவையும்.”

துரைசாமி கணக்குப் போட்டுப் பார்த்தான். ஒரே சட்டியில் கூழ். ஒரே ஷாப்பு, ஒரே தொட்டி, ஒரே கயிற்றைப் பிடித்து வந்தவர்கள். தினம் மத்தியானம் பதினோரு பிள்ளைகளுக்குத் தேய்த்து அவன் கை முழங்கை வரைக்கும் இரண்டு மாசமாக மீன் எண்ணெயில் ஊறியிருக்கிறது. அவனுக்குக் கண் தெரியவில்லை. ஒரு கரண்டி குடித்தவனுக்குத் தெரிகிறது. அறுத்துப் பார்க்க வேண்டிய தோலை யாரோ ஏற்கெனவே அறுத்துப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார்கள்.

“நான் தேச்சதெல்லாம் வீணா நர்சம்மா?” என்றான். கேட்கும்போதே அழுதுவிட்டான்.

“பிள்ளைங்க முழங்கை வழவழன்னு இருக்கு துரைசாமி. அது வீணில்ல. கண்ணுக்கு மட்டும் வேற வழி. அந்த வழியை நான் ஒழுங்காச் சொல்லியிருக்கணும். சொன்னதோட நீங்க இன்னா செய்றீங்கன்னும் கேட்டிருக்கணும். காசிநாதா, நீயும் கேளு. நீ குடிக்காம இருந்திருந்தா அந்தக் கரண்டியும் பாப்பா தோலுக்குத்தான் போயிருக்கும். அது கண்ணுல பூ விழுந்தது உன்னால இல்ல. ஆனா திருடினது திருடினதுதான். அதுக்கு ஒரு வேலை செய். நீ எப்படிக் குடிச்சேன்னு இப்போ எல்லாருக்கும் காட்டு.”

மோட்டார் வந்து நின்றபோது டாக்டரம்மா கண்டது இதைத்தான். பூவம்மாள் வீட்டு வாசலில் விளக்கைச் சுற்றி ஊரே கூடியிருக்கிறது. நடுவில் ஓர் இளவட்டம் உட்கார்ந்து, கூழில் உப்பைப் போட்டு, சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டு, காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு, மேலே ஒரு கரண்டி மீன் எண்ணெயை ஊற்றிக் கையால் கரைத்துக்கொண்டிருக்கிறான். சம்பூர்ணம் முதலில் முகத்தைத் திருப்பிற்று. மாமன் ஒரு வாய் தான் குடித்துச் சப்புக்கொட்டிக் காட்டினான். குழந்தை வாயைத் திறந்தது. முழுங்கிற்று. ஊரே காத்திருந்தது. வாந்தி வரவில்லை. குழந்தை மறுபடி வாயைத் திறந்தது.

பூவம்மாள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள்.

சவுரியம்மாள் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தாள். டாக்டரம்மா கூழில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்போ ஒரு திருடன் இருந்தான்னு சொல்லு.”

“இருந்தாரு டாக்டரம்மா. நல்லவேளை இருந்தாரு.”

எண்ணெய் நிற்கவில்லை. பெரியவர்களுக்கும் சேர்த்து இன்னொரு டின் வந்தது. ஊரைச் சுற்றி நின்ற முருங்கை மரங்களைக் காட்டி, அந்தக் கீரையைத் தினமும் போடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னாள். மற்ற ஆறு ஊர்களிலும் எண்ணெயைக் கூழில் கரைத்துக் கொடுக்கிற வழக்கம் வந்தது. எந்த ஊரில் எந்த மருந்தைக் கொடுத்தாலும், கடைசியில் சவுரியம்மாள், “இதை இப்போ எனக்குச் செஞ்சு காட்டுங்க, எப்படிக் குடுப்பீங்க?” என்று கேட்டு உயிரை எடுத்தாள். சம்பத் மட்டும் இன்னும் மோட்டாரைவிட்டு இறங்கவில்லை.

ஆனி மாசத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, திரும்பும் வழியில், பொழுது சாய்கிற நேரத்துக்கு மோட்டார் சுண்ணாம்புமேட்டில் நின்றது. சவுரியம்மாள் இறங்கி மேட்டின்மேல் போனாள். அங்கே சம்பூர்ணம் நின்றுகொண்டிருந்தது. வலது கண்ணில் பூ அப்படியேதான் இருந்தது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இடது கண் ஈரமாக மின்னிற்று. ஷாப்பிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வரிசை இல்லை. இரண்டு பேராக, மூன்று பேராக, ஒருவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தனியாக. காசிநாதன் எல்லாருக்கும் கடைசியில் வந்தான். அவன் தோளில் யாருடைய கையும் இல்லை.

“அதோ அப்பா. பின்னாடி மாமா வருது” என்றது குழந்தை.

துரைசாமி வரப்பு நடுவிலேயே நின்றுவிட்டான். அவனுக்கு எதையும் சோதித்துப் பார்க்காமல் தீராது. கையை உயரத் தூக்கினான்.

“எத்தினி வெரல் சொல்லு?”

“மூணு!”

துரைசாமி தன் கையைத் தன் முகத்துக்கு நேரே கொண்டுவந்து, அந்த மங்கல் வெளிச்சத்தில் தானும் எண்ணிப் பார்த்தான்.

“ஆமாம்மா, மூணுதான்” என்றான்.